பெட்டி மாறிப் போன ஜெபம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில், இரண்டு பலகைக்காகவும் மூன்றடி தகரத்துக்காகவும் ஜெபம் செய்தோம்.

சிரிக்காதீர்கள். நிஜம்.

சர்ச் வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. மனதில் உள்ள பாரத்தைத் துண்டுத் தாளில் எழுதி, நாலாக மடித்துப் போட வேண்டும். யார் பேரும் எழுத வேண்டாம். ஞாயிறு ஆராதனையில், போதகருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" சொல்லுவோம். மூட்டு வலி, மகளுக்கு வரன், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பையன் போன் எடுக்காதது... இப்படித்தான் இருக்கும்.

மூன்று துண்டு முடிந்தது. நாலாவதைப் பிரித்த உபதேசியார் தொண்டையைக் கனைத்தார்.

"சல்லடை ரூமுக்கும் பேக்கிங் ரூமுக்கும் நடுவில் உள்ள தடுப்பில், கீழ்ப்பக்கம் இரண்டு பலகையை அறுத்து எடுக்கவும். அதன் வழியாக மூன்றடி தகரத்தைச் சாய்வாக வைத்தால், டப்பைத் தூக்க வேண்டியிருக்காது..."

வருஷக்கணக்காகத் துண்டு படிக்கிறவர். எதற்கும் அசர மாட்டார். "கர்த்தர் இந்தத் தகரத்தை அருள்வாராக" என்று முடித்தார்.

"ஆமென்" என்றது சபை. பின் பெஞ்சில் ஒரு அம்மாவின் குரல் மட்டும் கூடுதல் உருக்கமாக வந்தது.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

அது நான் எழுதியது. ஃபேக்டரி ஆலோசனைப் பெட்டிக்கு எழுதியது. அது இங்கே இருக்கிறது என்றால்... சர்ச்சுக்கு எழுதிய ஜெபம் இப்போது எங்கே இருக்கிறது?

ஏப்ரல் வெயில்கூட எங்கள் மலையில் யாருக்கும் அப்படி வேர்வையைக் கொடுத்திருக்காது.

*

வாராவாரம் இந்தப் பத்தியில் இவ்வளவு பேசுகிறவனை நேரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில், சாக்கு தைக்கிற மெஷினில் நிற்கிறேன். மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. பேனாவில் வருகிற பேச்சு எனக்கு வாயில் வராது.

எங்கள் ஃபேக்டரியில் சல்லடை ரூம் மேலே. பேக்கிங் ரூம் ஆறு படி கீழே. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. மேலே சல்லடையில் பிரிந்து விழுகிற தூளை பிளாஸ்டிக் டப்பில் பிடித்து, அந்த ஆறு படியும் இறங்கி, தடுப்பை ஒட்டி என் பக்கத்தில் இருக்கிற பெரிய தொட்டியில் கொட்ட வேண்டும். தொட்டியின் வாய் நெஞ்சு உயரம்.

அதாவது — கீழே இறக்கிக்கொண்டு வந்து, திரும்ப மேலே தூக்குகிறோம்.

எத்தனை வருஷமாக? நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்தே. யாருக்காவது விசித்திரமாகத் தோன்றியதா? இல்லை. எனக்கும்தான்.

எங்கள் ஷிஃப்டில் அந்த வேலை பாண்டியம்மாவுக்கு. நாற்பது வயது இருக்கும். ஆள் குள்ளம், வாய் மட்டும் உயரம். கொஞ்ச காலமாகத் தொட்டி அருகே வந்ததும், "அண்ணே, ஒரு கை" என்பாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் டப்பின் மறுபக்கத்தைப் பிடிப்பேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"ஏண்ணே, இன்னைக்கும் அதே ரசமா? அந்தத் தூக்குவாளியே அழுதுரும்ண்ணே."

"மெஷின் சத்தத்துல நீங்க பேசுறது எனக்குக் கேக்கலையா, இல்ல நீங்க பேசவே இல்லையா?"

நான் சிரிப்பேன். அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் எஸ்டேட் லயத்து வரிசையில் என் ரூமுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும்போது, இன்றைக்கு ஒரு மனுஷி நம்மிடம் பேசினாள் என்று இருக்கும்.

*

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வீட்டு ஜெபத்தில் எங்கள் போதகர் ஒரு வார்த்தை சொன்னார்.

"எல்லாரையும் ஆசீர்வதியும்னு ஜெபிக்கிறது லேசு. யாரையும் பார்க்க வேண்டாம்ல? கூட வேலை செய்றவங்க ஒருத்தரப் பேர் சொல்லி, அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு ஜெபிச்சுப் பாருங்க."

கேட்டா? யாரிடம் கேட்பது? அந்த ஆளிடம்தான்!

எனக்கு அதற்கு மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் டப்பைப் பிடித்தபடியே கேட்டுவிட்டேன். "பாண்டியம்மா... உனக்காக ஜெபம் பண்ணணும். என்ன சொல்லணும்?"

"அடேயப்பா, அண்ணனுக்கு வாய் வந்துருச்சு!" என்று சிரித்தாள். அப்புறம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தோளுண்ணே. வலது. பாரமே தூக்கக் கூடாதுன்னு டிஸ்பென்சரி டாக்டர் சீட்டு எழுதிட்டாரு. அரிசி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். ஆபீஸ்ல குடுத்தா பேரை வெட்டிருவாக. பேர் போனா வீடு போயிரும். ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்கண்ணே போவேன்? உங்க சாமிகிட்ட மெதுவாச் சொல்லுங்க. ஆபீசுக்குக் கேட்டுறப் போகுது."

லயத்து வீடு எஸ்டேட் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவள் வீட்டுக்காரர் போடிப் பக்கம் இறங்கிப் போனவர், திரும்பவில்லை. எஸ்டேட் பதிவேட்டில் பேர் இருப்பது அவள் ஒருத்திக்குத்தான்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரம். பேக்கிங் ரூமில் நான் மட்டும். சல்லடை நிற்காது என்பதால் பாண்டியம்மா மேலே இருந்தாள். நான் தடுப்போரம் முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, பாண்டியம்மாவின் வலது தோள்..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கண்ணைத் திறந்தேன்.

எதிரே பலகை இடுக்கு. இடுக்கில் இரண்டு ரப்பர் செருப்பு. பாண்டியம்மாவின் கால்கள் — என் கண்ணுக்கு நேரே!

திரும்பிப் பார்த்தேன். தொட்டியின் வாயும் என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அவள் நிற்கிற தரையும் தொட்டியின் வாயும் ஒரே மட்டம். அங்கே பலகையில் ஒரு வழி வெட்டி, அவள் முழங்கால் உயரத்தில் இருந்து ஒரு தகரத்தைச் சாய்த்துவிட்டால்? தூள் தானாகச் சரிந்து தொட்டிக்குள் விழும். படி இறங்க வேண்டாம். நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டாம்.

இருபத்து மூன்று வருஷமாக நின்றபடி பார்த்த ரூம். முழங்காலில் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே போய் ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்றரை மாதம் சொல்லவில்லை.

கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறு பாதியை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? தகரம் வந்துவிட்டால் அவள் கீழே இறங்கி வர மாட்டாள். என்னைக் கூப்பிட மாட்டாள்.

ஒரு பெண்ணின் தோள் தேய்ந்துகொண்டிருந்தது. அவள் பேசுகிற நாலு வார்த்தைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், தினமும் அதே தோளுக்காக ஜெபமும் செய்தேன். பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்!

போன சனிக்கிழமை, நான் எழுந்து போவதற்குள் அவள் கையில் இருந்து டப் நழுவிவிட்டது. தரை முழுக்கத் தூள். சூப்பர்வைசர் கத்தினார். "கை வழுக்கிருச்சு சார்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்ட ஆரம்பித்தாள். என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வேறு எதுவும் பேசவும் இல்லை.

அன்று சாயங்காலமே ஒரே நோட்டில் இருந்து இரண்டு தாள் கிழித்தேன். ஒன்றில் பலகை, தகரம், அளவு — ஆபீஸ் வாசலில் புதிதாக வைத்திருந்த ஆலோசனைப் பெட்டிக்கு. இன்னொன்றில் ஜெபம். இரண்டையும் நாலாக மடித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் முதலில் ஒரு பெட்டி, பிறகு இன்னொரு பெட்டி.

மீதியைத்தான் உபதேசியார் படித்துவிட்டாரே.

*

திங்கட்கிழமை ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆலோசனைப் பெட்டி திறந்து கிடந்தது. சின்ன துரை கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. உதவி மேனேஜரை நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். கோட்டயத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ். முப்பது வயதுகூட இருக்காது.

மேஜையில் என் ஜெபம் விரிந்து கிடந்தது. இதுதான் அது:

"கர்த்தாவே, எங்கள் சல்லடையில் நிற்கிற சகோதரியின் தோளைத் தொடும். தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியதை மறைத்து வேலை செய்கிறாள். வீடு போய்விடும் என்று பயம். வழி தெரிந்தும் ஒன்றரை மாதம் நான் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் என்னிடம் பேச ஆள் இருக்காது என்று இருந்துவிட்டேன். என்னை மன்னியும்."

பேர் இல்லை. ஆனால் எங்கள் ஷிஃப்டில் சல்லடையில் நிற்கிற பெண் ஒருத்திதான்.

"சேட்டா, இது நிங்களோட எழுத்தல்லே? சாக்குச் சீட்டுல தினமும் காணுன்னதா" என்றார் சின்ன துரை.

தலையாட்டினேன். என் மானம் போனது போகட்டும். ஒரு குடும்பத்தின் வீட்டை நாலாக மடித்து ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட்டேனே!

"வழி அறிஞ்சிட்டும் சொல்லலைன்னு இருக்கு. என்ன வழி?"

"சார்... அது சர்ச்சுல இருக்கு."

"எது?"

"வழி."

அவர் என்னையே பார்த்தார். "எங்க பாதிரியாரும் அதுதானே பறையுன்னது. எனக்கு மனசிலாகுற மாதிரி சொல்லு சேட்டா."

சொல்ல வரவில்லை. "வாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். பேக்கிங் ரூம் தடுப்போரம் நின்றேன்.

"இங்க முழங்கால் போடணும் சார்."

"இப்போ பிரார்த்தனையா?"

"இல்ல சார். பார்க்கணும்."

இஸ்திரி போட்ட பேண்டோடு, தேயிலைத் தூளில் அவர் முழங்கால் போட்டார். இடுக்கில் பார்த்தார். "ஓ... காலு!" திரும்பினார். தொட்டியைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே லெவல். இத்தனை வருஷம் நம்மள் எந்தா செய்தது, சேட்டா?"

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அப்புறம் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "சார், அந்த டாக்டர் சீட்டு விஷயம்..." என்று எப்படியோ ஆரம்பித்தேன்.

"எந்த சீட்டு?" என்றார். தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "இது எனக்கு எழுதின லெட்டர் இல்லல்லோ. வேற ஆளுக்கு எழுதினது. அதுல நான் ஆக்‌ஷன் எடுக்கக் கூடாதல்லோ."

*

ஆபீஸ் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். பல்பு எரிகிற படம். 'புதிதாகச் சிந்தியுங்கள்.' நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். ஒரு நாளும் எனக்குள் எந்த பல்பும் எரிந்ததில்லை.

எப்படி எரியும்? சும்மா சிந்தி என்றால் எதைச் சிந்திப்பது? ஒரு ஆளை நிஜமாகப் பார்க்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். என்னைப் போன்ற ஆளுக்கு அதைச் செய்யவைக்க ஜெபம் தேவைப்பட்டது. உங்களுக்கு வேறு எதுவாவது போதுமானதாக இருக்கலாம்.

இன்னொன்றையும் யோசித்தேன். என் ஆலோசனைத் தாளில் பலகை இருந்தது, தகரம் இருந்தது, அளவு இருந்தது. ஆள் இல்லை. அது சரியான பெட்டிக்கே போயிருந்தால், மற்ற தாள்களோடு ஃபைலில் படுத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சின்ன துரை நாற்காலியை விட்டு எழுந்து வந்தது ஒரு தோளுக்காக.

புதன்கிழமை ஆசாரி வந்து பலகையை அறுத்தார். வியாழக்கிழமை தகரம் பொருத்தினார்கள். முதல் டப்பைச் சாய்த்ததும் தூள் சர்ரென்று வந்து தொட்டியில் விழுந்தது. பாண்டியம்மா மேலே இருந்து கை தட்டினாள்.

டீ நேரத்தில் என்னிடம் வந்தாள். "பார்த்தீகளாண்ணே? தோளுக்கு வேலையே இல்ல! எல்லாம் சின்ன துரை யோசனையாம்ல. நல்லா இருக்கட்டும் மகராசன். நீங்களும் இருக்கீகளே, பக்கத்துலயே நின்னுக்கிட்டு!"

சிரித்தேன்.

"ஆனா உங்க சாமிக்கு ஒரு கும்பிடு சொல்லிருங்க" என்றாள். போய்விட்டாள். மற்றப் பெண்களோடு மேலே உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

அவள் பேர் பதிவேட்டில் இருக்கிறது. வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. யாராவது வந்து அந்தப் பலகையைத் திரும்ப அடிக்கலாமா என்று கேட்டால், ஆசாரியை வாசலிலேயே மறிப்பேன்.

நேற்று வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து படி ஏறும்போது யோசித்துப் பார்த்தேன். எட்டு மணி நேரத்தில் நான் பேசியது மூன்றே வார்த்தை — அதுவும் நூல் அறுந்தபோது, தையல் மெஷினிடம்.