வாடை வருதா?

இதைக் கட்டுக்கதை என்று யாராவது நிரூபித்தால் எனக்கு நிம்மதிதான். ஆனால் நடந்தது. பட்டப்பகலில், மூன்று மணிக்குமேல்.

சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில், ஆய்வகத்தில் எனக்கு வேலை. மைபோல் கறுத்து வரும் தண்ணீருக்குள் ஓசோன் வாயுவைச் செலுத்தினால் நிறம் போய்விடும். அதே வாயு அறைக்குள் கசிந்தால் நெஞ்சை அடைக்கும். போதாததற்கு, கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்து, அதன் வாடையே தெரியாமல் போகும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். உள்ளே ஒருவர் போனால் வெளியே ஒருவர் நின்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்க வேண்டும்: "வாடை வருதா?" "வருது" என்றால் பயமில்லை. "வரல" என்றாலோ, பதிலே இல்லை என்றாலோ, உடனே ஆளை வெளியே இழுக்க வேண்டும்.

அன்று ஓசோன் அறையில் குழாய் மூட்டில் கசிவு. ஆப்பரேட்டர் அண்ணன் ஸ்பேனரோடு கிளம்பினார்.

"மெஷினை நிறுத்திட்டு, மாஸ்க் போட்டுட்டுப் போங்கண்ணே."

"நிறுத்தினா கறுப்புத் தண்ணி அப்படியே ஆத்துக்குப் போயிடும். ஒரு நட்டுக்கு மாஸ்க் மாட்டினேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டியே சிரிப்பா."

3:10. சாத்திய கதவருகே நின்று கேட்டேன். "வாடை வருதா?"

"வருது."

அவர் குரல்தான்.

3:11. "வருது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனம் அங்கே இல்லை. காலையில் மகளோடு போட்ட சண்டையே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பதில் என்று ஒன்று வந்தால் போதும் என்றிருந்தேன்.

3:13. "வருது."

குரல் கதவை ஒட்டிக் கேட்டது. மூட்டு இருப்பதோ அறையின் கோடியில்.

3:14. ஸ்பேனர் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை... அப்போதுதான் உறைத்தது.

3:15. நான் வாயைத் திறக்கவேயில்லை.

"வருது."

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன். மாஸ்க்கை மாட்டினேன். கதவைத் தள்ளினேன்.

கோடியில் கிடந்தார். உதடு நீலம்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் பேச்சு வந்தது.

"எப்பண்ணே விழுந்தீங்க?"

"போன உடனேயே. நீ முதல் தரம் கேட்டப்பவே எனக்குக் குரல் எழும்பல."

"அப்ப... பதில் சொன்னது யாரு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"என்னம்மா கேக்கற? நீதானே வந்து என் வாயைப் பொத்தின. 'பேசாதீங்கண்ணே, நான் சொல்லிக்கறேன்'னு."

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.