மலை மறைத்த டிவி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு வழக்கு நடக்கும். எந்தக் காலத்து டிவி நல்ல டிவி என்பதுதான் வழக்கு. என் கணவர் எண்பதுகளின் கடைசிக்காக வாதாடுவார். அவருடைய தம்பி தொண்ணூறுகளின் கட்சி. என் மகள் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்ததுதான் டிவி, அதற்கு முன் இருந்ததெல்லாம் பெட்டி என்பாள். மூவருக்கும் மோர் கொண்டுவந்து கொடுப்பது என் வேலை. என் கட்சி என்னவென்று யாரும் கேட்டதில்லை.

கணவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். ஒரு வருஷம் மணிலாக்கொட்டை நன்றாக விளைந்த தைரியத்தில் அவர் அப்பா டிவி வாங்கியிருக்கிறார். மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டிச் சென்னைப் பக்கம் திருப்பி வைத்தார்களாம். தெருவே வந்து கூடத்தில் உட்காருமாம். ஒரே சேனல், வாரத்துக்கு ஒரு படம், வெள்ளிக்கிழமை பாட்டு. கிடைத்ததைப் பார்த்தோம், அதனால் எல்லாமே நன்றாக இருந்தது என்பது அவர் வாதம். அப்போது செய்தி வாசித்த ஒரு பெண் காதோரம் வைத்திருந்த ரோஜாவைப் பற்றி இன்றைக்கும் விவரமாகச் சொல்வார். நம் கல்யாணத்தில் நான் என்ன பூ வைத்திருந்தேன் என்று கேட்டால் மல்லி என்பார். மல்லிதான். எல்லாக் கல்யாணத்திலும் மல்லிதான்.

கொழுந்தனார் ரமணாசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். கேபிள் வந்த புதிதில் வயர் மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி தொங்கிக்கொண்டு வந்ததே, அதுதான் பொற்காலம் என்பார். அமைதி தேடிக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு ஓர் அறையைக் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் கிரிக்கெட்டைச் சத்தமாக வைத்துப் பார்த்தவர் அவர்.

நான் பிறந்தது அடி அண்ணாமலை. டவுனிலிருந்து பார்த்தால் மலைக்குப் பின்னால். எங்கள் வீட்டிலும் டிவி இருந்தது. ஆனால் சென்னைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மலை இருந்தது. சத்தம் எப்படியோ மலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். படம் வராது. வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் கொதிக்கும், அவ்வளவுதான். என் அப்பா ஆன்டெனாவை எட்டுத் திசையிலும் திருப்பிப் பார்த்தார். பூஸ்டர் வாங்கி வைத்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்கள் வாசலில் நின்று, இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் திருப்புங்க என்று யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா மரியாதைக்குத் திருப்புவார். மலையை யாரும் திருப்ப முடியாது என்பதால் புள்ளிகள் அப்படியே இருந்தன.

அதற்காக நாங்கள் பார்க்காமல் இருக்கவில்லை. ஞாயிறு காலையில் இந்தியில் ஒரு புராணத் தொடர் வரும். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. படமும் கிடையாது. ஆனாலும் குளித்துவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்து, அந்தப் புள்ளிகளுக்கு முன்னால் கற்பூரம் காட்டுவோம். சங்கு ஊதினால் சாமி வந்துவிட்டது என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒருமுறை அப்படிக் கும்பிட்டு முடித்த பிறகுதான் அது தொடர் இல்லை, சோப்பு விளம்பரம் என்று தெரிந்தது. யாரும் வருத்தப்படவில்லை.

தீபத்தன்று இன்னும் விசேஷம். மலைமேல் தீபம் எரிகிற அழகை டிவியில் ஒருவர் உருகி உருகி வர்ணித்துக்கொண்டிருப்பார். நாங்கள் வாசலுக்கு ஓடித் தீபத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடி வந்து அவர் சரியாகச் சொல்கிறாரா என்று கேட்போம். எங்கள் டிவிக்குப் படமும் சத்தமும் சேர்ந்து வந்தது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா டிவியின்மேல் பூ வேலை செய்த துணி போட்டு, கூடத்தில் நடுநாயகமாக வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, போடுங்களேன், பாட்டு நேரம்தானே என்றார்கள். கரண்ட் இல்லைங்க என்றார் அப்பா. அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெண்ணைப் பார்க்கிற மும்முரத்தில் ஒருவரும் மேலே பார்க்கவில்லை. எனக்கு மட்டும் உயிர் போய் உயிர் வந்தது. அப்பாவின் மானம் அந்தத் துணிக்குள் இருந்ததால், கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. கணவர் ரோஜாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வழக்கு, மகள் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம் வேறு மாதிரி ஆனது. எங்கள் தெருவில் பிள்ளை பத்தாவது வந்தால் கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். எந்த வீட்டில் பொதுத்தேர்வு என்பது பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கேபிள்காரருக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டிலும் அடுத்த வாரம் பிடுங்கச் சொல்லிவிட்டேன் என்றார் கணவர். கீழ்பென்னாத்தூரில் பரணில் கிடக்கிற பழைய ஆன்டெனாவைக் கொண்டுவந்து மாட்டிவிடலாம், செய்திக்கு அரசாங்க சேனல் போதும், எப்படியும் அதுதானே நல்ல டிவி என்றார். மகள் படிப்புக்கும் ஆயிற்று, வழக்கிலும் ஜெயித்தாயிற்று.

அப்படியென்றால் என் தொடரும் போகும். சமையலை முடித்து, எல்லாரும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், ஏழரை மணிக்கு ஒரு தொடர் பார்ப்பேன். ஒரு மாமியார், இரண்டு மருமகள்கள், ஓயாத அழுகை. நல்ல தொடர் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் நாள் முழுவதிலும் நான் எனக்காக உட்காருவது அந்த அரைமணி நேரம் மட்டும்தான். அதைப் பிடுங்குகிறார்களே என்று அழுகை வந்தது. அழுதால் தொடரைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாள் என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கு சூடாக நடந்தது. கேபிள் போகக் கூடாது என்று கொழுந்தனார் வாதாடினார். மகள் தன் காலத்துக்காகப் பேசினாள், ஆனால் பத்தாம் வகுப்பு என்பதால் அவள் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் கொழுந்தனார் என் பக்கம் கையைக் காட்டினார்.

"அண்ணி மூணு காலத்தையும் பாத்தவங்க. அவங்களே சொல்லட்டும்."

நான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"எண்பதுல நான் ஒண்ணும் பாக்கலைங்க," என்றேன். "எங்க வீட்டு டிவில படமே வராது. மலை மறைச்சிக்கும். சத்தம் மட்டும்தான் வரும்."

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷமா சொல்லவேயில்லியே?"

"எங்க அப்பாவுக்குக் கௌரவக் கொறச்சலா போயிடும்னு சொல்லல. நீங்களும் கேக்கல."

கொழுந்தனார் சிரித்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் விடவில்லை. "டிவில ஒரு மூஞ்சியக்கூட பாக்காம வளந்தேன். இப்பதான் யார் அழறாங்கன்னு கண்ணால பாக்கறேன். இதையும் புடுங்காதீங்க."

கணவர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். எந்த மனுவையும் அப்படியே ஏற்கவும் மாட்டார், அப்படியே தள்ளவும் மாட்டார். நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். கேபிள் இருக்கட்டும். பிள்ளை படிப்புக்கு இடைஞ்சல் சத்தம்தான். ஆகவே பரீட்சை முடியும்வரை படம் மட்டும் ஓடட்டும், சத்தம் வேண்டாம்.

பெரிய மனதுடன்தான் சொன்னார். எனக்குச் சொம்பைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. பிறந்த வீட்டில் சத்தம் மட்டும், புகுந்த வீட்டில் படம் மட்டும். என் ஜாதகத்தில் டிவிக்கு ஏதோ தோஷம் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஏழரைக்குச் சத்தம் இல்லாமல் உட்கார்ந்தேன். மாமியார் வாயைத் திறந்தாள், மூடினாள். மருமகள் கண்ணைத் துடைத்தாள். மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத்தான் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். அதுவரை அந்தத் தொடரை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சற்று நேரம் கழித்து, அந்தம்மா என்னதான் சொல்லுது என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. சாவியை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்கிறாள் என்று காதோடு சொன்னேன். என்ன சாவி என்றார். பீரோ சாவி என்றேன். மருமகள் என்ன சொல்கிறாள் என்றார். இருபது வருஷம் உழைத்தேனே, ஒரு சாவிக்குத் தகுதியில்லையா என்று கேட்கிறாள் என்றேன். கணவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளும் வந்தார். அலுவலகம் விட்டுத் தேரடித் தெருவில் நின்று பேசிவிட்டு வருகிறவர், நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நானும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிந்தேன். என் மாமியாரிடம் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த மருமகள் சொன்னாள். ஒருநாள், உடம்பு முடியவில்லை என்றால்கூட யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதில்லை என்று அவள் சொன்னாள். கணவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தனார் எண்பதுகளைச் சீண்டிப் பார்ப்பார். இவர் ஏதோ பதில் சொல்லிவிட்டு மணியைப் பார்ப்பார்.

பரீட்சை முடிந்தது. மகளே ஓடி வந்து, இனிமேல் நிம்மதியாகப் பாருங்கள் என்று சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். மாமியாருக்கு நான் மறந்தே போயிருந்த கீச்சுக் குரல். நகைக் கடை நோட்டீஸைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் சரிங்க அத்தை, சரிங்க அத்தை என்றாள். சாவி என்ற பேச்சே இல்லை. என் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று எனக்குக் காதெல்லாம் சூடேறியது.

கணவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தத்த கம்மி பண்ணு," என்றார்.

"அதான் பரீட்ச முடிஞ்சிடுச்சேங்க."

"அதுக்கில்ல. நீ சொல்லு."

எழுந்து போய்ச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மருமகள் தலை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். அவளுக்காக நான் பேச ஆரம்பித்தேன்.