அக்கா வாயால் வர வேண்டிய பெயர்

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அக்கா அழவில்லை. மாதக்கணக்கில் ரத்தம் போய்க் களைத்திருந்தவள், "எடுத்துத் தொலைங்க" என்றாள். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் வந்தோம். அவள், அவள் கணவரான மாமா, நான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் இணங்கினாள். ஒன்றுக்கு மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டாள். மாமாவின் பெயரைச் சொல்ல.

கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயரை அவள் உச்சரித்ததில்லை. மனைவி சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். மாமாவுக்குச் சாமி பெயர் என்பதால், பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு ஏறிப் போனாலும் "மேல இருக்கறவரே" என்றுதான் கும்பிடுவாள். நான் கேலி செய்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். "கவித எழுதறவளுக்கு வேற வேல இல்ல" என்பாள். போன வருஷம் மாமா நெஞ்சுவலி வந்து பிழைத்தார். அதன் பிறகு அவள் மௌனம் இன்னும் கெட்டிப்பட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம். பக்கத்துக் கட்டிலில் அக்காவின் பெயரே கொண்ட ஓர் அம்மா. அவருக்குப் பித்தப்பையில் கல். இருவருக்கும் மறுநாள் காலைதான். மணிக்கட்டில் பெயர்ப் பட்டை கட்ட வந்த நர்ஸ் ஒரு பெயரை வாசித்து, "வீட்டுக்காரர் பேரு இதானேம்மா?" என்றார்.

அக்கா வேகமாகத் தலையாட்டினாள். சொல்லாமல் தப்பித்த நிம்மதி அவள் முகத்தில். நர்ஸ் வாசித்தது பக்கத்துக் கட்டில் அம்மாவின் கணவர் பெயர்.

"அக்கா! ஊரான் புருஷனுக்குத் தலையாட்டிக்கினு இருக்கறியே!"

"அதான பாத்தேன்" என்றார் மாமா. "ஆஸ்பத்திரிக்கு வந்த ஒடனே ஆள மாத்திக்கினா பாரு!"

வார்டே சிரித்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. சரியான பட்டையைத் தேடி எடுத்துக் கட்டினார்.

"சிரிக்கிற விஷயமாம்மா இது? அந்தம்மா கல்லு அவங்க வயித்துலியே இருந்திருக்கும், உங்களுக்கு வேற எதையாவது எடுத்திருப்பாங்க. நாளைக்குத் தியேட்டர் வாசல்ல உங்க பேரு, வீட்டுக்காரர் பேரு, என்ன ஆபரேஷன்னு உங்க வாயாலதான் சொல்லணும். கூட இருக்கறவங்க சொன்னா செல்லாது."

விடிந்தது. வெறும் வயிறு, பச்சை கவுன், கழற்றிய மூக்குத்தியின் இடத்தில் ஒரு சின்ன வெளிறல். ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலில் நின்றது. அதே நர்ஸ். தன் பெயரைச் சொன்னாள் அக்கா. கர்ப்பப்பை என்றாள். பிறகு நின்றுபோனாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

"அதான் கையில கட்டிக்கினு இருக்கறேனே, பாத்துக்கயேன்."

"பாத்துட்டேன். நீங்க சொல்லுங்க."

பின்னாலேயே பித்தப்பை அம்மாவின் ஸ்ட்ரெச்சரும் வந்து முட்டி நின்றது. தள்ளி வந்தவர், "ஜல்தியா சொல்லும்மா, பேஜாரு பண்ணாத" என்று முனகினார். நர்ஸ் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தை அந்த நிமிஷம் நான் காதலித்தேன்.

குனிந்தேன். "அக்கா, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் வர முடியாது. மயக்கம் குடுத்துட்டா உனக்காக நீயே பேச முடியாது. இப்ப பேசு."

அவள் கண் மாமாவைத் தேடியது. "அவருக்கு எதனா ஆயிடுச்சின்னா?"

மாமா ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இம்மாம் வருஷம் நீ சொல்லாமத்தான இருந்த? எனக்கு நெஞ்சு வலி வரலியா?" என்றார். "சொல்லுடி. உனக்கு எதனா ஆச்சின்னா எனக்குக் கேப்பைக் கூழு யாரு கிண்டறது?"

"அதான பாத்தேன், கூழுக்குத்தான்" என்றாள் அக்கா.

பிறகு சொன்னாள். முணுமுணுப்பாக அல்ல. வராந்தாவின் மறுகோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. நாங்கள் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த பெயர் அது. அவள் வாயில் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல் கொதித்தது. பின்னால் படுத்திருந்த அம்மா, யாரும் கேட்காமலே தன் கணவர் பெயரைக் கத்தினார். கதவு திறந்தது.

அடக்கம், அடக்கம் என்று எங்களுக்குள் திணித்தார்களே, அது இதுதான்: உடம்பு கத்தியின் கீழே கிடக்கும்போதும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது. அதைத் துப்புகிறேன். என் மகளுக்கு அதில் ஒரு துளியும் தர மாட்டேன்.

மறுநாளே அக்காவை எழுப்பி நடக்கச் சொன்னார்கள். தலையணையை வயிற்றோடு அணைத்து இருமினாள், பல்லைக் கடித்துக்கொண்டு காலை ஊன்றினாள். பார்க்க வந்திருந்த சின்னம்மா, "பச்ச ஒடம்பு, படுத்துக்கினு இருக்கட்டும்" என்றாள். அக்கா கேட்கவில்லை. வாசலில் நின்ற மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"இந்த மூத்திரப் பையப் புடி. நான் நடக்கணும்."

சின்னம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, பேரச் சொல்லிக் கூப்புடறியே! அவரு ஆயுசு என்னாத்துக்கு ஆவறது?"

"ஆயுசு அவருது, அவரு பாத்துக்குவாரு" என்றாள் அக்கா. "வயிறு என்னுது."

மாமா குழாயோடு தொங்கிய பையைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். கொஞ்சம் வேகமாகப் போய்விட்டார் போலிருக்கிறது. அக்கா மறுபடியும் பெயரைச் சொல்லி அதட்டினாள்.