சோவியத் சின்னத்தில் எங்கள் நெற்கதிர்

அந்தப் பத்திரிகைத் தாளுக்கு ஒரு வாசனை உண்டு... மண்ணெண்ணெயும் பசையும் கலந்த மாதிரி. சோவியத் நாட்டைப் பற்றித் தமிழில் வந்த பத்திரிகை. தாள் வழவழவென்று இருக்கும். எங்கள் தெருவில் அதைப் படித்தவர்களைவிட, பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டவர்கள்தான் அதிகம்.

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளியின் தறிக்கூடத்தில் எனக்கு வேலை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வருகிற கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் ஒருவர் உடல் நெய்வார். ஓரத்தில் ஒருவர் கரைக்கான இழை ஓடும் நாடாவைத் தள்ளுவார். இரண்டு நிறமும் சேருகிற இடத்தில் இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போக வேண்டும். நடுவில் ஏழுமலை அண்ணன், ஓரத்தில் நான்.

அந்த வருட மே தினத்தில் அண்ணன் தெருமுனையில் ஒரு செங்கொடி ஏற்றினார். அவ்வளவுதான் செய்தார்.

மறுநாள் முதலாளி, "கொடி புடிக்கிறவனுக்கு இங்க தறி கெடையாது" என்று அனுப்பிவிட்டார். அண்ணன் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கப் போனார். பட்டு இழையைத் தொட்டே பழகிய கை... சாக்கு மூட்டையில் தோல் உரிந்துபோனது.

எங்கள் தறி சும்மா கிடந்தது; நான் ஓர் ஆளே நெய்கிற தறிக்கு மாறினேன். சில மாதம் கழித்து முதலாளி அந்தப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். சோவியத்திலிருந்து விருந்தினர்கள் வருகிறார்களாம். பட்டு வாங்குகிற பேச்சாம். போர்த்துவதற்கு ஒரு சால்வை வேண்டும். சிவப்புப் பட்டு, கோர்வைக் கரை, நடுவில் சரிகையில் அவர்களின் அரசுச் சின்னம்.

அட்டையில் படம் இருந்தது. பூமி உருண்டையின் மேல் அரிவாளும் சுத்தியலும், கீழே உதிக்கிற சூரியன், மேலே நட்சத்திரம், இரண்டு பக்கமும் கதிர்கள். கதிரைச் சுற்றிய சிவப்பு ரிப்பனில் பதினைந்து மொழி எழுத்து.

"எழுத்தெல்லாம் வேணாம். மத்தது அப்டியே வரணும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னா மொதலாளி, இதே அருவா சுத்திதான தெருமுனைல பறந்துது? துணில இருந்தா தப்பு, பட்டுல இருந்தா மரியாதையா?"

"டேய் முருகேசா, அது கட்சிக் கொடி. இது கவருமெண்டு முத்திரைடா."

"அங்க ரெண்டும் ஒண்ணுதான் மொதலாளி. அந்த நாட்ல ஒரே கட்சி. அதான் கவருமெண்டு. படிச்சுப் பாருங்க, உங்க கையிலதான் கீது."

"ரொம்பப் பேசாத. நீ நடுவுல உக்காரு. ஓரத்துக்கு எவனாச்சும் வருவான்."

எவனும் வரவில்லை.

நாங்கள் கூட்டம் போடவில்லை. கோஷமும் இல்லை. அவர் கூப்பிடக் கூப்பிட ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கோவிந்தனுக்கு இடுப்புப் பிடிப்பு. சேகருக்கு மச்சினன் கல்யாணம்.

"உனக்கேதுடா மச்சினன்? உனக்கே கல்யாணம் ஆவலியே!"

"ஆவும் மொதலாளி. பொண்ணு பாத்துக்கினுதான் கீறாங்க."

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அந்த ஓர இடம் மட்டும் ஒரு வாரம் காலியாகவே கிடந்தது. விருந்தினர் வரும் நாள் நெருங்க நெருங்க முதலாளியின் குரல் இறங்கியது. கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"ஏழுமலை எங்கடா கீறான்?"

"சால்வைக்கு மட்டும் வர மாட்டாரு. தறியத் திருப்பிக் குடுத்தாதான் வருவாரு" என்றேன்.

"குடுத்தேன்டா. எல்லாரும் கேட்டுக்கினீங்க இல்ல? போயி இட்டுக்கினு வா."

அண்ணன் நடுவில் உட்கார்ந்தார். நான் என் ஓரத்துக்குப் போனேன்.

நெய்வதற்காகச் சின்னத்தைக் கட்டத்தாளில் வரைந்ததும் நான்தான். கதிர் மட்டும் சரியாக வரவில்லை. அண்ணனின் மனைவி பச்சையம்மா அண்ணி நெல் விளைகிற ஊரில் பிறந்தவர். அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்தவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கதிரு இப்டி நட்டுக்கினு நிக்குது? மணி புடிச்சா தலை சாயும்பா."

சாய்த்தோம். அழகாகத்தான் வந்தது.

விருந்தினர்கள் வந்த அன்று, தொழிலாளிகளையும் குடும்பத்தையும் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டதால் எங்களையும் அண்ணியையும் நிற்க வைத்தார்கள். வந்தவர்களில் பெரியவர் சால்வையை வெளிச்சத்தில் விரித்தார். கதிரில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"எங்கள் சின்னத்தில் இருப்பது கோதுமை. இது என்ன தானியம் என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணிதான் பதில் சொன்னார்.

"நெல்லுங்க. கோதுமைய நாங்க ரேஷன் கடைல மூட்டையாதான் பாத்துக்கிறோம். அதுவும் அமெரிக்காலருந்து வந்ததுன்றாங்க. அத்தப் போயி உங்க முத்திரைல வெக்கலாமாங்க?"

அதைக் கேட்டு அந்தப் பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழுமலை அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் சும்மா இருப்பேனா?

"ஐயா, உங்க நாட்ல ஒரே கட்சிதான? அந்தக் கட்சியே ஒருத்தர வேலைய உட்டு நிறுத்துனா, அவுரு யாராண்ட போவாரு?"

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெரியவரிடம் என்னவோ சுருக்கமாகச் சொன்னார். அவர் புன்னகையோடு என் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார். என் கேள்வி போய்ச் சேரவே இல்லை.

அந்த பேட்ஜ் இன்னும் இருக்கிறது. அதைக் கொடுத்த நாடுதான் இல்லை. தொண்ணூற்றொன்றில் அந்த நாட்டுக் கொடியை இறக்கியதை டிவியில் பார்த்தபோது நான் அழவில்லை. அங்கே யாரையும் கேட்க விடாத கேள்விகள் எத்தனை இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஏழுமலை அண்ணன் கண் மங்கும்வரை அதே தறியில் நெய்தார்.

இப்போது எங்கள் தெருமுனையில் எல்லாக் கட்சிக் கொடியும் பறக்கிறது. போன வருடம் அண்ணனின் பேரன் தொழிற்சங்கத்தில் சேர்ந்தான் என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"உன் எடத்துல இப்ப யாருடா?" என்றேன்.

"அன்னிக்கி ஷிப்டுக்கே ஆள் வந்துட்டான் தாத்தா. என் ரூம்ல தங்கியிருந்தவன்தான்."

அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே பசி இருக்கும்...

அந்தச் சின்னத்து ரிப்பனில் பதினைந்து மொழியிலும் எழுதியிருந்தது ஒரே வாசகம்தான் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். உலகத் தொழிலாளர்களே, ஒன்று சேருங்கள். "எழுத்தெல்லாம் வேணாம்" என்று முதலாளி விடச் சொன்னது அதைத்தான்.

அந்த எழுத்து எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த ஓர இடத்தில் ஒருவர்கூட உட்காரவில்லை.