கொசுறாக வாங்கிய சீன பாஷை

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்த பூரணியைப் போல இன்னொருத்தியை இந்த மலைநாட்டில் எங்கே போய்த் தேடுவீர்கள்? பள்ளிக்கூட வாசலை மிதித்தது இரண்டே வருஷம். அதிலும் பாதி நாள் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவள் சீன பாஷை பேசினாள். வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை, தானாகவே படித்தாள். கோட்டுப் போட்டவர் எவராவது இதைச் செய்திருந்தால் பேப்பரில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

இலங்கை ரப்பரைக் கொடுத்துச் சீனத்து அரிசி வாங்கிய காலம் அது. அரிசிக்கு முன்னாலேயே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் செங் என்ற சீனாக்காரர். சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, சம்பளம் போட்ட கையோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் வந்து நிற்பார். ஒரு நாள் மூட்டையை அவிழ்க்காமலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நாள்தான் மலை ஏற முடியும். தீபாவளிக்கு முந்தி ஒரு பொம்பளை வேணும். லயம் லயமா போய் விக்கணும்."

"நான் விக்கிறேங்க," என்றாள் பூரணி, பக்கத்தில் நின்றவள் வாயைத் திறப்பதற்குள்.

"நான் சொன்னா சரி வராது. ஹட்டன்ல இருக்கிற என் கடை சம்சாரம் கையில. அவளுக்குத் தமிழ் இல்லை, சிங்களம் இல்லை. பேச முடியாத ஆளுக்குச் சாமான் குடுக்க மாட்டா."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பூரணி சிரிக்கவில்லை. விடிந்தால் பெரட்டில் நின்று, பேர் கூப்பிட்டால் பதில் சொல்லி, காட்டிய மலைக்குப் போய்ப் பழகியவள் அவள். தன் இஷ்டத்துக்குப் போய்வர, தனக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வெகு நாளாக இருந்தது. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பிராவும், குடியிருக்கிற அந்த ஒற்றை அறையும், போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அது போதும் என்று கணக்குப் போட்டாள்.

அன்று மூட்டையை அவிழ்க்கச் சொல்லி இரண்டு முழம் ரவிக்கைத் துணி எடுத்தாள். விலை பேசவே இல்லை. செங் திகைத்துப் போனார்.

"விலைய விடுங்க. கொசுறா ஒரு வார்த்தை குடுங்க. துணிக்கு உங்க பாஷையில என்னங்க?"

"பூ."

"இம்புட்டுத்தானா? அப்ப நூலுக்கும் சேத்துச் சொல்லுங்க!"

அப்படித்தான் தொடங்கியது. ஊசி வாங்கினால் ஒரு வார்த்தை, ரிப்பன் வாங்கினால் இரண்டு. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாங்கினாலும் கொசுறு பூரணிக்குத்தான். படிக்க நேரம் ஏது என்று கேட்பீர்கள். சமையல், தண்ணீர், பிள்ளைகள், மலை என்று மூச்சுவிட நேரமில்லாதவள் ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு வேலையில் கட்டிப்போட்டாள். அம்மியில் அரைக்கும்போது 'மெதுவாக'. மலை ஊற்றுப் பீலியில் குடம் நிறையும்போது 'நாளைக்கு'. பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது 'ஞாயிறு'. கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டும்போது 'வா'.

ஆனால் அந்தப் பாஷையில் வார்த்தை மட்டும் போதாது, ராகமும் வேண்டும். செங் கையை ஆட்டி ஆட்டிக் காட்டியதைப் பார்த்த பூரணிக்கு உடனே பிடிபட்டது. சமத்தரை, ஏற்றம், பள்ளத்தில் இறங்கி ஏறுவது, சரிவு. தினம் கால் நடக்கிற வழிதானே! ஏற்றத்துச் சொல்லை மலை ஏறும்போதும், சரிவுச் சொல்லை இறங்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். தேயிலைக்கு 'ச்சா' என்பது ஏற்றத்துச் சொல்.

"அந்த ஊர்லயும் தேயிலைன்னா ஏத்தந்தான் போல," என்று சொல்லிச் சிரித்தாள்.

சோலைமலைக் கங்காணிதான் பொறுக்கவில்லை. "என்னா புள்ள, கொழுந்துக்கு மந்திரம் ஓதுறியா?"

"ஆமாங்க கங்காணி ஐயா. சீக்கிரமா வளரட்டும்னு."

"எனக்கும் ஒண்ணு ஓதேன், தலையில முடி வளரட்டும்."

புருஷன் மூக்கன் அதைவிட மோசம். "தமிழ்லயே உன் வாய அடக்க முடியல. இதுல இன்னொரு பாஷையா?" என்றான். ஆனாலும் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளோடு ஹட்டனுக்கு ரயில் ஏறினான்.

கடையில் செங்கின் சம்சாரம், ஒல்லியான அம்மாள், கண்ணாடியை இறக்கி அவர்களைப் பார்த்தாள். பூரணி கையெடுத்துக் கும்பிட்டுத் தன் சீனத்தில் வணக்கம் சொன்னாள். அந்த அம்மாள் ஆனந்தப்பட்டு மடமடவென்று பேசத் தொடங்கிவிட்டாள். அடை மழைபோலக் கொட்டியது. பூரணிக்கு ஒன்றும் புரியவில்லை. படித்ததெல்லாம் ஒரேயடியாக ஓடிப்போயிற்று. மூக்கன் வாசலைப் பார்த்தான். "போயிருவமா புள்ள?"

போவதா? பூரணி கண்ணை மூடிக்கொண்டு அம்மியை நினைத்தாள்.

"மன், மன்ங்க!" மெதுவாக, மெதுவாகங்க!

"அது என்ன 'ங்க'?" என்று அம்மாள், கடைக்குள் உட்கார்ந்திருந்த தன் புருஷனைச் சீனத்தில் கேட்டாள். பெரியவர்களுக்குத் தமிழாள் வைக்கிற மரியாதை என்று செங் விளக்கினார். அம்மாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுருக்கென்று ஏதோ சொன்னாள். செங் முகம் சிவந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றான் மூக்கன்.

"இனி நானும் அந்த 'ங்க' போடணுமாம்."

அதற்குப் பிறகு அம்மாள் நிதானமாகப் பேசினாள். துணியைத் தூக்கிக் காட்டி நிறம் கேட்டாள், சாயம் போகுமா என்று கேட்டாள். பூரணி தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் துணியைக் கசக்கிக் காட்டினாள். கடைசியில் அம்மாள் ஒரு மூட்டையைக் கட்டி முன்னால் தள்ளினாள். நாளைக்கே போய் விற்கத் தொடங்கு என்றாள்.

நாளைக்கா? திங்கட்கிழமை. பெரட்டு. முடியாது என்றால் மூட்டை திரும்பப் போய்விடலாம், சரி என்றால் காம்பிரா போய்விடும். செங் அவளுக்குத் தனித்தனி வார்த்தைகளைத்தான் கொடுத்திருந்தார், கோத்துக் காட்டவில்லை. பூரணி தானே கோத்தாள்.

"மிங்தியன் ச்சா. லிபைதியன் பூ." நாளைக்குத் தேயிலை, ஞாயிறு துணி. ஒரு சொல் விடாமல் முழுவதும் சீனத்தில், ஏற்றமும் சரிவும் பிசகாமல்.

அம்மாள் உதட்டைக் கடித்து யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். ஞாயிறு, ஞாயிறு.

ரயிலில் மூக்கன் எழுந்து மூட்டைக்குக் கையை நீட்டி, "குடு, மேல வைக்கிறேன்," என்றான்.

"வேணாங்க. மடியிலயே இருக்கட்டும்," என்றாள் பூரணி.