முந்நூறு முருகா

படம் எடுக்கிறவருக்குத்தான் பெயர். இருட்டறையில் படம் கழுவுகிறவனுக்கு வேர்வைதான் மிச்சம். கடிகாரத்தோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற உங்களுக்கு என் பாடு புரியும். பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் எனக்குக் கடிகாரம்கூடக் கிடையாது. இருந்த ஒன்றையும் முதலாளி முன்கூடத்தில் அழகுக்கு மாட்டிவிட்டார். மருந்தில் படம் விழுந்த கண்ணாடித் தகட்டைப் போட்டு, விநாடிக்கு ஒரு 'முருகா' வீதம் முந்நூறு சொல்லி எடுத்துவிடுவேன்.

வெள்ளை மாப்பிள்ளை

ஒருநாள் நல்ல வெயில். மருந்து சுட்டால் வேலையை வேகமாகச் செய்யும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வழக்கம்போல் முந்நூறு சொன்னேன். படத்தில் மாப்பிள்ளைப் பையன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வந்தது. நான் படத்தை அவனிடம் நீட்டினேன். "எங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது லா அண்ணே! இன்னும் ஆறு போடுங்க, பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்."

ஐஸ் போட்ட பெரியவர்

பயந்துபோய் மறுநாள் மருந்துத் தொட்டியைச் சுற்றி ஐஸைக் கொட்டினேன். குளிரில் மருந்து தூங்கிவிட்டது. அதே முந்நூறுதான், ஆனால் ரயில்வே ஆபீஸ் யாழ்ப்பாணத்துக் கிளார்க் கரிக்கட்டையாக வந்தார். இன்னொரு தகடு கெட்டால் பெட்டியைக் கட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார். கிளார்க் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது நானோ, என்ர நிழலோ?"

சோதனை

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடைந்த தகட்டுத் துண்டுகளை ஒரே வெளிச்சத்தில் காட்டி, ஒவ்வொரு சூட்டிலும் ஒரே அளவு கறுக்க எத்தனை முருகா ஆகிறது என்று எண்ணினேன். பாரன்ஹீட்டில் அறுபத்தைந்து டிகிரிக்கு முந்நூறு, எண்பத்தைந்துக்கு நூற்றைம்பது. ஆனால் முதலாளி கதவருகே வந்து நின்றால் அதே சூட்டுக்கு இருநூறு ஆனது. மருந்து மாறவில்லை, பதற்றத்தில் என் நாக்குதான் ஓடியது. "டேய், உள்ள படம் கழுவுறியா, காவடி எடுக்கிறியா?"

ஐஸ் வராத நாள்

ரயில் கார்டு ஒருவர் காலையில் மனைவியோடு படம் எடுத்துக்கொண்டார். பிரசவத்துக்கு அவள் ஊருக்குப் போகிறாள். அவளைக் கப்பலேற்றிவிட்டு, துறைமுகத்திலிருந்து நேரே ஸ்டூடியோவுக்கு வந்தார். தகடு ஒன்றுதான், கெட்டால் மறுபடி எடுக்க அவள் இல்லை. ஐஸ் லோரியும் வரவில்லை. மருந்து எண்பத்தைந்து டிகிரி, வாசலில் முதலாளி. என் முருகனை நம்ப எனக்கே தைரியமில்லை.

கார்டின் சட்டைப்பையில் ரயில்வே கடிகாரம் இருந்தது. "ரெண்டரை நிமிஷம் ஆனதும் கதவைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். தட்டினார். எடுத்தேன். மினுங்குவதெல்லாம் கறுப்பாகத் தெரியும் தகட்டில் அவள் மூக்குத்தி சின்னக் கறுப்புப் புள்ளியாகத் துல்லியமாக விழுந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் இன்னும் கடிகாரத்தை மூடவில்லை. "கப்பல் கிளம்பினதிலேருந்து இந்த ரெண்டரை நிமிஷந்தாண்ணே நான் அழல."

வெயில் ஏறினால் மருந்து ஓடும், முதலாளி முறைத்தால் முருகன் ஓடுவார். ஓடாமல் இருட்டறையில் நின்று மாட்டிக்கொண்டது நான் ஒருவன்தான்.