அக்கா பாடிய கண்ணி

“...பாட்டுல அந்த ரெண்டடிக் கண்ணிய மட்டும் விட்டுடு, புள்ள. கப்பலேறிப் போன புருஷனுக்காகக் கண்ணு மூடாம காத்திருக்கச் சொல்றது இந்த வீட்டுக்கு ஆகாது.”

பக்கத்து வீட்டுச் சாம்பிராணி மணத்தில், எத்தனையோ வருஷம் முன்பு சூலியா தெரு மாடிவீட்டில் மாமி அக்காவிடம் சொன்னது இன்று மறுபடி காதில் ஒலித்தது. மாமியின் மகள் அப்படிக் காத்திருந்தே அந்த வீட்டுப் பின்கட்டில் மூச்சடங்கி மவுத்தானவள். ஆனால் அந்நாளில் பெண் பார்க்க வருகிறவர்கள், கல்யாணமாகாத குமருக்குப் புத்தி சொல்லும் பாட்டை முழுதாகப் பாடச் சொல்லிக் கேட்பார்கள்.

“ஒரு கண்ணி கொறஞ்சாலும் நாளைக்கு என்னப் பாக்க வர்றவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க மாமி,” என்று அக்கா பாடிவிட்டாள்.

ஆளில்லாத பின்கட்டிலிருந்து இன்னொரு பெண்குரல் சேர்ந்து பாடியது. அக்கா நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை.

மாமி எழுந்து, அக்காவின் பக்கத்தில் மகளின் பாயை விரித்தார்.